முள்ளுக்கு முன்னால ஒரு சீட்டு

ஒரு காட்டில், ரோடு போட்டு ரெண்டே மழையில அந்த ரோடும் காடா மாறிப்போன ஒரு காட்டில், பூங்கொடின்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தா. பேரு வச்சவங்களுக்குக் கண்ணு தெரியலையான்னு கேக்காதீங்க. பொறந்தப்போ எல்லா முள்ளம்பன்றியும் மெத்து மெத்துன்னுதான் இருக்கும்.

பூங்கொடிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காட்டுக் கல்லூரி ஹாஸ்டல்ல ஒரு ரூம். அவ வளை பள்ளத்துல இருந்துச்சு. மழை வந்தா புத்தகம் மிதக்கும், கூடவே அவளும் மிதப்பா. ஆனா வார்டன் ஆந்தையம்மா ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. ரூமுக்கு ரெண்டு பேரு, ஜோடியா வந்தாத்தான் இடம். முள்ளம்பன்றி பக்கத்துல யாரு படுப்பா? "உன் மனசு தங்கம்டி"ன்னு எல்லாரும் சொன்னாங்க. சொல்லிட்டு நாலடி தள்ளி நின்னாங்க.

கடைசியில ஒரே ஒரு ரூம் மிச்சம். அதை மான் அக்கா தங்கச்சியும் கேட்டாங்க. மார்க் பாத்துக் குடுக்கலாம், கஷ்டம் பாத்துக் குடுக்கலாம். கல்லூரிக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. டபுள் சைக்கிள் பந்தயம்னு அறிவிச்சுட்டாங்க. ரெண்டு சீட்டு, ரெண்டு ஜோடி பெடல், ஒரே ஹேண்டில் பார். ஜெயிக்கிற ஜோடிக்கு ரூம்.

பூங்கொடிக்குக் கிடைச்ச ஜோடி ஜெகதா. உடும்பு. எதையும் பிடிச்சா விடமாட்டா, முக்கியமா வாக்குவாதத்தை. அவகூட ரூம்ல இருந்தவங்கல்லாம் காதைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க. வந்த மொத நாளே முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா.

பழகிப் பாக்கலாம்னு கிளம்புனாங்க. குறுக்க ஒரு அணில் ஓடுச்சு. ஜெகதா பயந்துபோய் பிரேக்கைக் கெட்டியாப் பிடிச்சா. பின்னாடி இருந்த பூங்கொடி பயத்துல சிலிர்த்துக்கிட்டு அப்படியே முன்னாடி வந்து மோதுனா.

"அடிப்பாவி! இது முதுகுடி, ஊசி குத்தி வைக்கிற பஞ்சில்ல!"

"நீ ஏன்டி திடீர்னு பிரேக் போட்ட?"

"பயந்தா நான் பிடிப்பேன். உடும்புடி நானு!"

"பயந்தா எனக்கு சிலிர்க்கும். முள்ளம்பன்றிடி நானு!"

ரெண்டு பேரும் மூச்சு வாங்குனாங்க. "இனிமே உசுரே போனாலும் பிரேக்கைத் தொடமாட்டேன்"னு ஜெகதா சொன்னா.

அடுத்து டயர் பிரச்சினை. பந்தயத்துல பாதி தூரம் புதுசா போட்ட தார் ரோடு, மீதி ஏரிக்கரைச் சேறு. கரடியண்ணன் சைக்கிள் கடையில நின்னு ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க.

"மெல்லிசு டயர்தான் போடணும். காத்தா பறக்கும். ரீல்ஸ்ல பாத்தேன்"னா ஜெகதா.

"ரீல்ஸ் எடுத்தவன் நம்ம ஏரிக்கரைக்கு வந்திருக்கானா? வழுக்கிட்டுப் போயிரும். நல்ல பட்டை டயரா போடு."

"அதை மிதிச்சா முட்டி கழண்டுரும்."

"மிதிக்கிறது நானுந்தான்!"

"திருப்புறது நான்!"

கரடியண்ணன் கொட்டாவி விட்டாரு. "தாயிங்களா, சக்கரம் ரெண்டு இருக்கில்ல? ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கங்க. நான் கடையச் சாத்தணும்."

முன்னாடி மெல்லிசு, பின்னாடி பட்டைன்னு முடிவாச்சு. இது நல்ல புள்ளைங்களுக்கான கதையா இருந்தா, விட்டுக்கொடுத்தாங்க, ஜெயிச்சாங்கன்னு இங்கயே முடிஞ்சிருக்கும். நிஜத்துல, மறுநாள் பந்தயத்துல, தார் ரோட்டுல பின் டயர் பிடிச்சு இழுத்துச்சு, சேத்துல முன் டயர் வழுக்குச்சு. ரெண்டு யோசனையிலயும் இருந்த கெட்டது மட்டும் கைகோத்துக்கிச்சு.

அதுக்கு முன்னாடி, டயர் மாட்டுன அன்னிக்கு சாயங்காலம், ஜெகதா போனதும் பூங்கொடி மட்டும் கடையில நின்னா. "அண்ணே, அந்தக் கழட்டிப் போட்ட பழைய டயரு வேணும்." அதை வெட்டி, நெஞ்சுலேர்ந்து கழுத்து வரைக்கும் சுத்திக் கட்டி, மேல மழைக்கோட்டு மாட்டிக்கிட்டா. முள்ளு ஒண்ணுகூட வெளிய வரல.

கரடியண்ணன் கைய வச்சு அமுக்கிப் பாத்தாரு. "குத்தல கண்ணு. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிரு. தைரியமா ஓட்டும்."

"காலையில சொல்றேண்ணே."

காலையில ஜெகதா பெல் அடிக்கிற உரிமை யாருக்குன்னு வாதாடிக்கிட்டே வந்தா. சொல்ல எங்க இடம் விட்டா?

பந்தயம் ஆரம்பிச்சு தார் ரோடு முடியறதுக்குள்ள மானுங்க ரொம்ப முன்னாடி போயிட்டாங்க. ஏரிக்கரை இறக்கம் வந்துச்சு. மானுங்க அறிவா, பதமா பிரேக்கை அழுத்தி இறங்குனாங்க. இவங்க வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சுச்சு.

"பூங்கொடி! வழுக்குதுடி! பிரேக் போடவா? குத்துமா?"

பூங்கொடி வாயத் திறந்தா. 'குத்தாதுடி'ங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பத்தான் கீழ ஹாஸ்டல் தெரிஞ்சுச்சு. ஓட்டையில்லாத கூரை. பள்ளத்துல இல்லாத வாசப்படி.

வாய மூடுனா. மறுபடி திறந்தா.

"குத்தும்! நல்லாவே குத்தும்!"

ஜெகதா போட்ட அலறல்ல ஏரிக் கொக்கெல்லாம் எந்திரிச்சுருச்சு. பிரேக்கை விட்டுட்டு ஹேண்டில் பாரை மட்டும் உசுரா பிடிச்சுக்கிட்டா. வண்டி மானுங்களைத் தாண்டுச்சு, எல்லைக் கோட்டைத் தாண்டுச்சு, அப்பவும் நிக்காம, வேகம் குறையற வரைக்கும் ஹாஸ்டலையே சுத்திச் சுத்தி வந்துச்சு.

ஆந்தையம்மா மைக்கைப் பிடிச்சாங்க. "பாருங்க மாணவச் செல்வங்களே! முன்னாடி மெல்லிசு, பின்னாடி பட்டை. இதுதான் விட்டுக்கொடுத்தல்!" அடுத்த வாரமே கல்லூரி மொத்தமும் அதே மாதிரி டயர் மாட்டிக்கிட்டு, அதே இறக்கத்துல, வரிசையா ஏரிக்குள்ள போய் விழுந்துச்சு.

ஜெயிச்ச அன்னிக்கு சாயங்காலம் ரூம்ல பூங்கொடி மழைக்கோட்டைக் கழட்டுனா. ஜெகதா அந்த டயரையே பாத்துக்கிட்டு இருந்தா.

"இது எப்பலேர்ந்துடி?"

"நேத்துலேர்ந்து. உனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

"அப்போ குத்தியிருக்காது."

"குத்தியிருக்காது."

"ஏன்டி பொய் சொன்ன?"

"உண்மையச் சொல்லியிருந்தா பிரேக் போட்டிருப்ப."

ஜெகதா எந்திரிச்சா. தன் கட்டிலை இழுத்துக்கிட்டுப் போய் அந்தப் பக்கச் செவத்தோரமா போட்டா.

"முள்ளுக்குப் பயந்தா போற? அதான் கட்டியிருக்கேனே?"

"முள்ளுக்கு யாருடி பயந்தா?"

வெளிய மழை கொட்டுச்சு. உள்ள ஒரு சொட்டு வரல.

நீதி: கூட வர்றவங்க மேல அக்கறை வைங்க, தப்பில்ல. ஆனா அவங்களுக்குத் தெரியாம வைங்க. தெரிஞ்சா பிரேக் போட்டுருவாங்க.