காட்டேரிக்கு ஒரு வக்காலத்து

அச்சகத்தில் பிழை திருத்துகிற அந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டார்: இன்றைக்கு மனைவியிடம் தோற்பதில்லை.

விவகாரம் சின்ன அறையைப் பற்றியது. மனைவியின் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒண்டிக்கட்டை. ஒரு மாதம் இங்கே தங்கட்டும் என்றாள் மனைவி. அந்த அறையில்தான் அவருடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் இருபது வருஷத்துப் பழைய ரத்தக்காட்டேரி விளையாட்டு ஒன்று குடியிருந்தது.

"மச்சான் வந்தா என் ரத்தத்தைக் குடிச்சிடுவார்."

"ரத்தம் எடுக்கிறது என் வேலை. அவருக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. பரிசோதனைக்கூடத்தில் ஊசியும் குழாயுமாக நிற்பவள்.

அவர் திட்டம் சுலபமானது. அவளை ஒரு மணி நேரம் விளையாட வைத்துவிட்டால், இந்த அறையை யாருக்கும் விடக்கூடாது என்று அவளே சொல்லிவிடுவாள். கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தார்.

திரையில் ஒரு காவல்காரன், அவள் ஆட்டிவைக்கும் காட்டேரியை வழிமறித்தான்.

"இவனை என்ன பண்ணணும்?"

"அடிக்கலாம், ஏமாத்தலாம், பேசி மயக்கலாம். உன் இஷ்டம். அதான் இதோட அழகு."

அவள் பேசினாள். அவர் மூன்று நாள் முட்டிக்கொண்ட கதவு இரண்டு நிமிஷத்தில் திறந்தது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்து காட்டேரியிடம் பேசினாள்.

"இந்தப் பொம்பளை பொய் சொல்றா. பேசும்போது முழியைப் பாருங்க! எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்துக் காட்டேரியின் பாதி உடம்பு சுவருக்குள் சிக்கிக்கொண்டது.

"என்னங்க இது?"

"அது... அப்பப்ப நடக்கும்."

சிணுங்கிய கைபேசியை மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"கடைசி வரைக்கும் கதை இப்படியே நல்லாப் போகுமா?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் பிழையைக் கண்டும் காணாமல் விடுவது அவர் தொழிலுக்கே ஆகாது. "பாதிக்கு மேல பேச்சே கிடையாது. சாக்கடைக்குள்ள இறங்கி ஒரே அடிதடி. அவசர அவசரமா முடிச்சு வெளியிட்டுட்டாங்க."

"அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானே?"

அவருக்குச் சுருக்கென்றது. "அதெப்படி? இந்த விளையாட்டு பிடிச்சுப்போன ஜனங்க, யாரும் கேக்காமலேயே வருஷக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு ஓட்டையா அடைச்சிருக்காங்க. குறை இல்லாதது ஆயிரம் இருக்கு, ஒண்ணும் மனசுல நிக்கல. இது நிக்குது. நல்லது இருக்கிற இடத்துல குறையைப் பொறுத்துக்கத்தான் வேணும்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனும் அப்படித்தான். முதல் பாதி பேச்சு பிரமாதமா இருக்கும். அப்புறம்தான் அடிதடி."

அவர் சுவரில் சிக்கிய காட்டேரியைத் திரும்பிப் பார்த்தார்.

போன தடவை மச்சான் வந்தபோது முதல் இரண்டு நாள் வயிறு வலிக்கச் சிரித்தது நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் சண்டையை மட்டுமே இத்தனை காலம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோமே என்று தோன்றியது. கண்ணில் கட்டோடு அந்த மனுஷன் தனியாக எப்படிச் சமைப்பார், யாரோடு பேசுவார்?

"அவரை மட்டும் சொல்லல. கல்யாணம் ஆனதுலேருந்து நானும் ஒருத்தரைப் பழுது பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மெதுவாக.

அவர் எழுந்தார். கம்ப்யூட்டரின் ஒயர்களைத் தாமே பிடுங்கினார். விட்டுக்கொடுப்பதிலும் ஒரு கம்பீரம் உண்டு என்று நினைத்தபடி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சரி, மச்சானை வரச் சொல்லு."

"கதவைத் திறங்க. பத்து நிமிஷமா பெட்டியோட வெளியதான் நிக்கறார்."