இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு ஓட்டை

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்குவீர்கள், ஆகையால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டிவலி தேவலையா? பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். போதாததற்கு குளியலறையில் வழுக்கிக் கால் சுளுக்கி, கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகனுக்கு வேண்டும் என்று கேட்டீர்களே என் வீட்டுக்காரருடைய கூடாரம், அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லாமல் கொடுப்பது முறையில்லை. சொல்லப்போனால் அந்த ஓட்டைக்கு முதல் காரணமே நீங்கள்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றைக்கு, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "என் தம்பி வருஷம் பூரா வாயைத் திறக்க மாட்டான், அந்தப் பாட்டு விழாவுக்குப் போற மூணு நாள்தான் அவன் சிரிச்சான்" என்று சொல்லி அழுதீர்களே, நினைவிருக்கிறதா? எல்லோரும் உங்களைத் தாங்கிப் பிடித்தார்கள். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அழுத அழுகையில் எனக்கு அழ இடமே கிடைக்கவில்லை அண்ணி. மற்ற நாளெல்லாம் அவர் யாரோடு இருந்தார்? என்னோடுதானே! லிஃப்ட் ரிப்பேர் முடித்து, கிரீஸ் கையோடு வந்து உட்கார்வார். நான் அன்றைக்குத் தேய்க்கத் துணி கொண்டுவந்த வாடிக்கைக்காரர்களின் லட்சணத்தையெல்லாம் சொல்லுவேன். "ம்" என்பார். நல்ல நாளாக இருந்தால் "ம்ம்". விழாவுக்குக் கிளம்பும்போது மட்டும் "நீயும் வாயேன்" என்பார், "நான் வந்தா இந்த மூட்டையை யார் தேய்க்கிறது?" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனாலும் கைக்குட்டை வரைக்கும் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தனுப்புவேன். இத்தனை வருஷம் அதை யாருக்குக் காட்டச் சுமந்துகொண்டு போனார்? உங்கள் வார்த்தை இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷத்து டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சரி, அங்கே இருப்பது என்ன, இல்லை யார் என்று பார்த்துவிட்டே வருவோம் என்று முடிவு செய்தேன்.

கூடாரத்தைப் பிரித்தால் அவ்வளவு சுருக்கம். என் வீட்டுப் பொருள் நாலு பேர் முன்னால் அப்படி நிற்கலாமா? நைலானுக்கு எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியாதா, குறைத்து வைத்து, மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்த்தேன். பாதி வரைக்கும் பட்டு மாதிரி வந்தது. ஒரு மடிப்பைப் பிரித்தேன், உள்ளேயிருந்து அவர் தலையெண்ணெய் வாசனை வந்தது. பெட்டியை வைத்த கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன் அண்ணி. கருகல் வாசனை வந்து எண்ணெய் வாசனையை விரட்டிய பிறகுதான் கையை எடுத்தேன். ஓட்டை என்றால் ஏதோ ஓட்டை இல்லை, இஸ்திரிப் பெட்டியை அப்படியே அச்செடுத்த மாதிரி, கூர்மூக்கும் அகன்ற பின்பக்கமுமாக. என் தொழிலில் முதல் ஓட்டை.

அங்கே போனால் ஊர்ப்பட்ட கூட்டம், காலெல்லாம் சேறு. நான் கூடாரத்தை நிறுத்திய லட்சணத்தில் ஓட்டை வாசலுக்கு நேர் மேலே பெயர்ப்பலகை மாதிரி வந்து நின்றது. அங்கே யாருக்கும் வெட்கமே இல்லை. பல் தேய்த்துக்கொண்டே பாடுகிறார்கள், குழாயடி வரிசையில் நின்றுகொண்டு தாளம் போடுகிறார்கள், முன்பின் தெரியாத எனக்குச் சூப்பைக் கோப்பையில் ஊற்றிக் கையில் திணிக்கிறார்கள். ஒரு ஆள் சட்டையாவது கசங்காமல் இருக்க வேண்டுமே! சூப் ஊற்றியவரிடம் என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டி, "இவரைத் தெரியுமா?" என்றேன்.

"அட, நம்ம மடிப்பு அண்ணன்!" என்றார். "எங்க அவரு, இன்னும் வரலையா? நீங்க யாரு?"

நம்ம அண்ணனாம்! எனக்கு வயிறு எரிந்தது. மனைவி என்று சொன்னால் மறைத்துவிடுவார்களே என்று, "தெரிஞ்சவங்க. அவரு தவறிட்டாரு" என்றேன். அவ்வளவுதான், சேதி பரவி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு மேளக்காரி, நல்ல வாட்டசாட்டமான பொம்பளை, மேளத்தின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். "அவர் வாயைத் திறந்தா நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போமே" என்றாள். எந்த வாய்? எனக்கு "ம்" போட்ட வாயா? நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இவள் என் பங்கையும் சேர்த்து அழுகிறாள். இவள்தான் அவள் என்று எழுதி ஒட்டாத குறையாக எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் அவருக்காக என்று சொல்லி, அவர் எப்போதும் கேட்கும் பாட்டை எடுத்தாள். மைக் இல்லை, மேடை இல்லை. படகுத் துறையில் மூட்டை இறக்குகிறவர்கள் பாடிய பழைய பாட்டாம். ஒரு கிழவர் பிடில் வாசித்தார், வாயில் பல் இல்லை, கையில் அத்தனையும் இருந்தது. ரேடியோப் பாட்டு காதோடு நின்றுவிடும் அண்ணி. இது தரையில் இறங்கி, உள்ளங்கால் வழியாக ஏறி, அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. இதை இத்தனை வருஷம் தனியாக அனுபவித்திருக்கிறாரே இந்த மனுஷன் என்று ஆத்திரம் வந்தது. பொம்பளை மேல் இருந்த பொறாமை போதாதென்று மேளத்தின் மேலும் வந்தது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியாக என் படுக்கைக்குக் குழாய் வைத்த மாதிரி கொட்டியது. மூடுவதற்கு பிளாஸ்டிக் தாள் கொண்டு ஓடிவந்தவளும் அந்த மேளக்காரிதான். ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஓட்டையைப் பார்த்தாள்.

"இது இஸ்திரிப் பெட்டிதானே?"

நான் ஈரப் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அய்யோ அக்கா! 'பொத்தான் போனது என் கையில இல்ல சார், உங்க தொப்பையில'ன்னு சொன்னது நீங்கதானே?"

போன வருஷம் நான் வங்கிக்காரரிடம் சொன்னது அது. இவளுக்கு எப்படித் தெரியும்?

"டேய், எல்லாரும் வாங்கடா! மடிப்பு அண்ணனோட வீட்டுக்காரி வந்திருக்காங்க!" என்று கத்தினாள். மழையோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கால்சட்டையில் நான் கண்ட பல்லி, வக்கீல் கோட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு அவரையே நான் மிரட்டியது, ஒன்று விடாமல் அவர் என் குரலிலேயே நடித்துக் காட்டுவாராம். "அக்கா கையை இடுப்புல வைங்க, அவர் அப்படித்தான் வைப்பாரு" என்றார் சூப்புக்காரர். வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த "ம்" எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த "ம்" அண்ணி. வருஷம் பூரா என்னிடம் சேர்த்துக்கொண்டு போனதைத்தான் அங்கே சொல்லிச் சிரித்திருக்கிறார். உங்களுக்கு இதை எழுதத்தான் இவ்வளவும்.

மற்றபடி எனக்கு இப்போது யார் மேலும் பொறாமை கிடையாது. அந்தச் சேறும் சத்தமும் நமக்கு ஒத்துவராது. ஆடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள், நான் ஒதுங்கித்தான் நின்றேன். இனி அந்தப் பக்கம் போகப்போவதில்லை. ஆளை அனுப்பிக் கூடாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம், பேரனுக்கு என் முத்தம், உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் வீட்டுக்காரி

பி.கு.: கூடாரத்துக்கு ஆளை அனுப்ப வேண்டாம். அவருடைய நீலச் சட்டையின் முதுகை வெட்டி ஓட்டைக்கு ஒட்டுப்போட்டுவிட்டேன், இனி அதைத் தர மனசு வராது. கால் சுளுக்கியது குளியலறையில் இல்லை. அந்தப் பாட்டை அவர்கள் திரும்ப எடுத்தபோது சுளுக்கியது. ஒதுங்கி நிற்கிறவர்களுக்குச் சுளுக்காது என்பது உங்களுக்கும் தெரியும். அடுத்த வருஷம் நீங்களும் வாருங்கள், முட்டிக்கு ஸ்டூல் எடுத்துவருகிறேன், உங்கள் சேலையெல்லாம் நானே தேய்த்துத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: போய் இறங்கியதும் "நான்தான் அவனோட அக்கா" என்று முன்னால் போய் நின்று ஆரம்பித்துவிடக் கூடாது. அங்கே முதலில் நான் அழுதுகொள்கிறேன், அப்புறம் நீங்கள்.