பேச வரணும், பாட வரக் கூடாது

பாகலூர் ரோட்டில் டாப் கியர் அக்காவை ஓவர்டேக் செய்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலை நெரிசலில் நாங்கள் ஜன்னலோரம் தூங்கி வழிந்து கம்பெனிக்குள் நுழையும்போது, கேன்டீனில் அக்கா எங்களுக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருப்பார்.

ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிய, நல்ல கனத்த சரீரம். முதலில் அவரும் எங்களோடு பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார். அப்புறம் அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. “என்னுது ஒண்ண எடுத்து வெச்சிடுங்க” என்று அக்கா பெங்களூர் ஆஸ்பத்திரியில் போய் நின்றார். எல்லாம் பொருந்தியது. ஆனால் ஈரலில் கொழுப்பு, வயிற்றிலும் கொழுப்பு. அதைக் குறைத்துவிட்டு வந்தால்தான் கிட்னியை எடுப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பயந்த சுபாவம். “வேணாம் விடு, டயாலிசிஸே போதும்” என்றாராம்.

“கொழுப்பும் என்னுது, கிட்னியும் என்னுது. வேணாங்கறதுக்கு நீங்க யாருங்க?”

அன்றைக்கே பட்டினி கிடக்க ஆரம்பித்தார். கேன்டீனில் மயங்கி மாவு அண்டாவின் மேல் சாய்ந்த பிறகு, கம்பெனி டாக்டரம்மா பிடித்து உலுக்கினார். மாதவிலக்கு நின்ற பிறகு கொழுப்பெல்லாம் வயிற்றில்தான் குடியேறும். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். தினமும் வேகமாக நட, கனம் தூக்கு, அப்போதுதான் கொழுப்பு எரியும். சரி, எவ்வளவு வேகம் என்று அக்கா கேட்டார். நடக்கும்போது பேச வரணும், பாட வரக் கூடாது என்றார் டாக்டரம்மா.

போதாதா! அக்கா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். விறுவிறுவென்று நடந்துகொண்டே இருப்பார், நடுவில் திடீரென்று ஒரு தாலாட்டை எடுத்துவிடுவார். லாரிக்காரர்கள் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டு ஒழுங்காக வந்துவிட்டால் அக்காவின் முகம் தொங்கிப்போகும், வேகத்தைக் கூட்டுவார். பாதியிலேயே மூச்சு வாங்கிவிட்டால் அப்படியொரு சந்தோஷம். பேச்சு வருகிறதா என்றும் பார்க்க வேண்டுமே? அதற்கு நாங்கள் வாய்த்தோம். பஸ் பக்கத்தில் ஊர்ந்து வந்தால் ஜன்னல் ஜன்னலாகத் திட்டிக்கொண்டே வருவார்.

“ஏன்டி கண்ணு, இந்த வயசுல இப்படிச் சாஞ்சு கெடக்கறே? எறங்கி நடடி!” இது எனக்கு, தினமும்.

டிரைவர் முனிராஜண்ணாவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. “ஹத்தம்மா, ஹத்து!” என்று கன்னடத்தில் அதட்டிப் பார்த்தார். அப்புறம் தமிழுக்கு மாறிக் கெஞ்சினார். “ஏறிக்கம்மா, என் மானம் போவுது.”

“நீ மொதல்ல செகண்ட் கியருக்கு வா சாமி, அப்புறம் பேசலாம். நான் டாப்புல போயிட்டிருக்கேன்.” பஸ்ஸே சிரித்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

கேன்டீனில் அரிசி மூட்டையை யாராவது தூக்க வந்தால் சண்டைக்குப் போவார். “அது என் மூட்டை, வெய்யி கீழ!”

இரண்டு மாதம் ஆயிற்று. மருந்துக்கடை எடை மெஷினில் முள் அசையவே இல்லை. அங்கே வீட்டுக்காரருக்கோ முகமெல்லாம் வீங்கிக்கொண்டிருந்தது. அக்கா மெஷினை ஒரு முறை முறைத்தார். பிறகு கூடப் போயிருந்த என்னிடம் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

“இதப் பாருடி. பாவாடை நாடா முடிச்சுப் போடவே எட்டாது. இப்ப மொழம் தொங்குது. மெஷினுக்கு என்னா தெரியும்?”

டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டார். கொழுப்பு குறைந்த அளவுக்குத் தசை ஏறியிருக்கிறதாம். விடாமல் நடந்ததில் போகப் போக முள்ளும் வழிக்கு வந்தது. ஈரல் தேறிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன அன்று கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி. கிண்டிய அக்கா மட்டும் வாயில் வைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் இருவரையும் ரோட்டில் பார்த்தேன். வீட்டுக்காரர் நாலு எட்டு வைப்பார், நிற்பார். அக்காவும் நிற்பார். ஆமை வேகம்.

“என்னக்கா, இப்படி நடந்தா கொழுப்பு எரியுமா?” என்று சீண்டினேன்.

“இது அதுக்கில்லடி. இவரு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமே அலைஞ்சாரு. இன்னிக்கிதான் சும்மா நடக்க வந்திருக்காரு. நானும் கூட வந்தேன்.”

அக்காவின் கண் முழுக்க வீட்டுக்காரரின் கால்களிலேயே இருந்தது. அப்படியே அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

“ரோட்டுல என்னடி இது, விடு!” என்று திட்டினார். நான் விடவில்லை.