டேங்குக்கு அம்மை போட்ட கதை

பெரம்பலூர் சாமிதுரையை நடுரோட்டில் தலைகுனிய வைக்கவில்லை என்றால் என் பெயர் உத்திராபதி இல்லை என்று ஒரு நாள் காலையில் கூடத்தில் நின்று சபதம் எடுத்தேன். காப்பி டம்ளரோடு வந்த என் மனைவி சிந்தாமணி, பேரை மாற்றினால் ரேஷன் கார்டிலும் மாற்ற வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டாள். என் கோபத்துக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

கோபத்துக்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். நான் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். பெயரைப் பதிந்துவிட்டு, காத்திருந்து காத்திருந்து, தலையில் பாதி முடி போன பிறகு, எண்பத்தி மூணாம் வருஷம் சித்திரையில் வண்டி கைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். பெயிண்டு அடிக்கத் தெரியாதவனுக்கு நோட்டீஸ் மட்டும் நன்றாக அடிக்கத் தெரியும்.

அரக்குச் சிவப்பு. டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். நானும் வாரிக்கொண்டேன், மிச்சமிருந்ததை.

ஆடி மாதம் டேங்கின் இடப்பக்கம் கடுகளவு ஒரு கொப்புளம் தெரிந்தது. தூசி என்று துடைத்தேன். கடுகு மிளகு ஆயிற்று, மிளகு கொண்டைக்கடலை ஆயிற்று. விரலால் அழுத்தினால் அப்பளம் போல உடைந்து, உள்ளே துரு பல்லைக் காட்டியது. சைலன்ஸரில் பூசியிருந்த குரோமியம், வெற்றிலை போடுகிறவன் பல் மாதிரி பழுத்துப்போயிற்று. சிந்தாமணி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து ஹேண்டில்பாரில் செருகினாள்.

"அம்மை போட்டிருக்குங்க. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வெளிய தெருவ எடுத்துட்டுப் போவாதீங்க" என்றாள்.

இந்தப் பேச்சு எனக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜென்மத்தில் பெயிண்டையே பார்த்திராத சைக்கிளில் வருகிறவனெல்லாம் என்னை நிறுத்தி, உடம்பு தேவலையா, இளநீர் கொடுத்தீர்களா என்று வண்டியைப் பற்றி விசாரித்தான். இப்படிப்பட்ட ஜனங்களோடுதான் நான் வேலை பார்க்கிறேன்.

வண்டியை விற்ற ஏஜெண்டுதான் சாமிதுரை. பெரம்பலூரில் கடை. விற்கிற அன்றைக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சொந்த மாமனைப் போல வழியனுப்பினார். புகாரோடு போன அன்றைக்கு நாற்காலியைக்கூடக் காட்டவில்லை. ஒரு வருஷ வாரண்டி இருக்கிறதே என்றேன். வாரண்டி என்றால் 'வாரேன்டி' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அகராதியில் அதற்கு 'வரமாட்டேன் போடா' என்று பொருள்.

வாரண்டி என்பது ஓடுகிற பாகத்துக்குத்தானாம், பார்க்கிற பாகத்துக்கு இல்லையாம். அதோடு, தப்பு பெயிண்டு மேல் இல்லையாம், எங்கள் ஊர் மேலாம்.

"உங்க ஊரு சிமெண்டு தூசியில மனுசன் தோலே நிக்கிறதில்ல. பெயிண்டு எப்படி சார் நிக்கும்?" என்றார்.

நான் விடவில்லை. கம்பெனிக்கு நேரடியாக எழுதினேன், இங்கிலீஷில். அரியலூர் தாலுகாவில் என் இங்கிலீஷுக்கு ஒரு பெயர் உண்டு. என்ன பெயர் என்பது வேறு விஷயம். வண்டியைக் காய்ந்த துணியால் மெதுவாகத் துடைத்துவரவும் என்று பதில் வந்தது. துடைத்தால் பெயிண்டு துணியோடு வருகிறது என்றுதானே எழுதியிருந்தேன்? படித்தவர்கள் லட்சணம் அது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றி, அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாமிதுரை கடை வாசலில் இறக்குவது. வழியெல்லாம் ஜனம் பார்க்கும், சிரிக்கும். சாமிதுரை பிழைப்பு நாறிப்போகும். இதைச் சொன்னதும் சிந்தாமணி அசந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, அங்கே போய் என்ன பேசுவீங்க என்று கேட்டாள். நான் பேச வேண்டியதில்லை, வண்டி பேசும் என்றேன். சரி, வண்டி பேசுவதைக் கேட்க நானும் வருகிறேன், ஆனால் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொள், குறுக்கே பேசாதே என்று அனுமதி கொடுத்தேன்.

சுண்ணாம்புக் கல் ஏற்றுகிற கொளஞ்சியப்பனின் வண்டியைப் பேசி அமர்த்தினேன். ஆவணி முகூர்த்த நாள் ஒன்றில் விடியக்காலையில் புறப்பட்டோம். மோட்டார் சைக்கிளைக் கயிறு போட்டு நிறுத்திக் கட்டி, அதன்மேல் பெரிய அட்டை ஒன்றும் தொங்கவிட்டிருந்தேன். 'ஏமாற்றப்பட்ட நுகர்வோரின் கண்ணீர்' என்பதை நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தேன். தமிழில் எழுதினால் கம்பெனிக்காரன் மதிக்க மாட்டான். கம்பெனிக்காரன் வடக்கே இருந்தான், அட்டை வழியிலிருக்கிற பேரளிக் கிராமத்து ரோட்டில் போய்க்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

முகூர்த்த நாள், மணி கட்டிய மாடு, வண்டியில் மோட்டார் சைக்கிள். பேரளிக்காரர்கள் இதை என்னவென்று நினைப்பார்கள்? கல்யாணச் சீர் போகிறது என்று நினைத்துவிட்டார்கள். பம்பு செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரக் கையோடு ரோட்டுக்கு ஓடிவந்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊரு என்று கேட்டார்கள். நான் இறங்கி நின்று வாரண்டிச் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் கொளஞ்சியப்பன், அலுப்பில், சார்தான் மாப்பிள்ளை என்று சொல்லித் தொலைத்தான்.

அவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு டேங்கைப் பார்த்தார்கள். அதில் மூத்தவள் ஒருத்தி மற்றவர்களுக்கு விளக்கினாள்.

"ரெண்டாந்தாரமா இருக்கும். அதான் ரெண்டாந்தர வண்டியாப் பாத்துக் குடுத்து வுட்டுருக்காங்க."

அவளுக்குப் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பெரம்பலூர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சாமிதுரை கடை முன்னால் கொஞ்சம் கூட்டம் நின்றது. என் ஊர்வலத்தைக் கேள்விப்பட்டுக் கூடியவர்கள் என்று மார்பு நிமிர்ந்தது. உள்ளே பார்த்தால், மின்விசிறிக்கு நேர் கீழே, எனக்குக் காட்டாத அதே நாற்காலியில் சிந்தாமணி உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தாள். சாமிதுரை நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவள் மத்தியானமே வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. வீட்டுக்காரர் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன் என்று வாசலோரம் உட்கார்ந்தாள். வண்டி பதிய வருகிறவர்களிடம் மட்டும் அக்கறையாக, உங்கள் ஊரில் தூசி உண்டா என்று கேட்டாள். தூசி இல்லாத ஊர் நம் பக்கத்தில் ஏது? உண்டு என்றார்கள். அப்படியானால் வேண்டாங்க, தூசி பட்டால் இந்த வண்டியில் பெயிண்டு நிற்காது, நான் சொல்லவில்லை, ஏஜெண்டு அய்யாவே சொல்லியிருக்கிறார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்க என்றாள். வந்தவர்கள் கேட்டார்கள். சாமிதுரை அவசரமாகக் கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அவர்கள் போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தக் கடையில் ஒருத்தனும் வண்டி பதியவில்லை.

என் முறை வந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த இங்கிலீஷ் பிரசங்கத்தைத் தொண்டையைச் செருமி ஆரம்பித்தேன். கூட்டத்தைக் கண்டு மாடு மிரண்டது.

"ஏங்க, கொஞ்சம் மாட்டப் புடிங்க" என்றாள் சிந்தாமணி.

பிடித்தேன். வேறு யார் பிடிப்பது? கொளஞ்சியப்பன் டீ குடிக்கப் போய்விட்டான். அவள் சாமிதுரையை மாட்டுக்குப் பக்கத்தில் கூட்டிவந்து கொம்பைக் காட்டினாள். மயில் நீலத்தில் பெயிண்டு, கண்ணைப் பறித்தது.

"இது போன மாட்டுப் பொங்கலுக்கு அடிச்ச பெயிண்டுங்க. இந்த மாடு தெனம் சுண்ணாம்புக் கல்லுத் தூசியிலதான் கெடக்குது. மரத்துல ஒரசுது, மழையில நனையுது. கொப்புளம் போட்டுருக்கா பாருங்க. உங்க கம்பெனிக்காரரு சந்தையில விக்கிற கொம்பு பெயிண்டையாவது வாங்கி அடிச்சிருக்கலாமே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமிதுரை கொம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு டேங்கைத் தடவிப் பார்த்தார். கையில் ஒட்டிய சிவப்பு அப்பளத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, புது டேங்கு, புது சைலன்ஸர், பக்கவாட்டுத் தகடு எல்லாம் கம்பெனியிலிருந்து தருவித்துத் தருவதாக ஜனங்கள் முன்னால் ஒப்புக்கொண்டார். என் சபதம் நிறைவேறியது. நிறைவேறிய நேரத்தில் நான் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை அரியலூரில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். சாமிதுரை கையைக் குவித்துக்கொண்டு, இப்படிப் பேசத் தெரிந்த ஆள் எதிர்ப்பக்கம் இருந்தால் என் கடை உருப்படாது, நம்ம கடையிலேயே உட்கார்ந்து புகாரோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லுங்களம்மா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிந்தாமணி சரியென்று சொல்லிவிட்டாள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன். எதிரியின் கோட்டைக்குள் நம் ஆள் இருப்பது நல்லதுதானே?

புது டேங்கு வந்தது. அவள் தினமும் காலை பஸ்ஸில் பெரம்பலூர் போய்வந்தாள். சீக்கிரமே அவள் கீர்த்தி பரவியது. விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர், பூட்டு சரியில்லை என்று அடிக்கப் போகிறவர் மாதிரி கிளம்பிப் போனவர், தன் சாவி போடும் முறைதான் தப்பு என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். திருமழபாடிக்காரர் சைலன்ஸருக்குச் சண்டை போடப் போய், மருமகனுக்கும் ஒரு வண்டி பதிந்துவிட்டு வந்தார். ஒரு பொம்பளையிடம் தோற்றுவிட்டு வருகிறவனெல்லாம் ஆம்பளையா என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். பேடிப் பயல்கள்.

மாசி மாதம் புது டேங்கிலும் கடுகளவு கொப்புளம் தெரிந்தது. இந்தத் தடவை நான் பதறவில்லை. சாப்பிடும்போது சிந்தாமணியிடம் சாதாரணமாகச் சொன்னேன். அவள் வந்து பார்த்தாள். ஒரே ஒரு கொப்புளத்தைக் காட்டினால் கம்பெனிக்காரன் பூசி அனுப்பிவிடுவான், நன்றாகப் பழுக்கட்டும், முழு டேங்காகவே கேட்கலாம் என்றாள். உள்ளே இருக்கிறவளுக்குத்தானே சூட்சுமம் தெரியும்? பொறுத்தேன். பங்குனியில் நன்றாகவே பழுத்தது. கணக்கு முடிக்கிற மாசம், ஏஜெண்டு எரிந்து விழுகிறார், கொஞ்சம் பொறுங்க, நான் இருக்கேன்ல, டேங்கு எங்க ஓடிப்போவுது என்றாள். நியாயம்தானே? பொறுத்தேன். சித்திரை பிறந்தது. வீட்டில் விருந்தாளிகள், ஊரில் திருவிழா என்று இன்னும் சில நாள் ஓடியது. பிறகு ஒரு நாள், இப்ப வாங்க என்று அவளே சொன்னாள்.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கடையில் புகார்க்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை முகத்திலும் பலியாட்டுக் களை. அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மேஜைக்கு நேராகப் போனேன். வரிசையில் வாங்க என்றாள் சிந்தாமணி, தலையைத் தூக்காமல். கடை ஒழுங்கு என்று நினைத்து வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பேனாவை எடுத்து, பேர் என்ன என்று கேட்டாள். விளையாடாதே என்றேன். மறுபடியும் கேட்டாள். சொன்னேன்.

வெளியே வந்து டேங்கை விரலால் அழுத்திப் பார்த்தாள். சாவு வீட்டில் விசாரிக்கிறவள் போல உச்சுக்கொட்டினாள்.

"கம்பெனி குத்தந்தான் சார். சந்தேகமே இல்ல" என்றாள்.

வரிசையில் நின்றவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பாருங்கடா, கற்றுக்கொள்ளுங்கடா என்று.

"ஆனா வாரண்டி போன வாரத்தோட முடிஞ்சுபோச்சு. டேங்கு புதுசா இருந்தாலும் வண்டி வாங்குன தேதிதான் கணக்கு. பங்குனியில வந்திருந்தீங்கன்னா மறுபேச்சுப் பேசாம மாத்திக் குடுத்திருப்போம்."

காதில் விழுந்தது மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மற்றவர்கள் காதில் விழாமல் அவள் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன்டி, நீதானே பழுக்கட்டும், பொறுங்க பொறுங்கன்னு சொன்ன?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"அது உங்க வூட்டம்மா சொன்னது சார். அதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல."