பத்து நாள் டானிக்

கணபதி பஸ் ஸ்டாப்பிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும், களைத்த முகத்தோடு எங்கள் டானிக் அண்ணன் கண்ணில் பட்டு, ஒரு மூடி குடிக்காமல் தப்பித்த மனிதர் ஒருவரும் கிடையாது. மனிதர் என்று மட்டும் சொன்னால் அது குறைவு. ஒரு குதிரையும் உண்டு.

கிரைண்டர் செய்கிற எங்கள் பட்டறையில் அவர் டெஸ்டிங் பார்ப்பவர். செய்து முடித்த கிரைண்டரை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, நல்லது கெட்டது சொல்வார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ஆபீஸில் இருக்கும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் டானிக் அண்ணன்.

உக்கடத்தில் பாய் ஒருவரின் நாட்டு மருந்துக் கடையில் அந்த டானிக்கை வாங்கி வருவார். உடம்புக்குத் தெம்பு, நரம்புக்கு முறுக்கு, ரத்தத்துக்குச் சுத்தம் என்று பாட்டிலில் போட்டிருக்கும். மார்பு அகன்ற ஒருத்தர், பாரம் ஏற்றிய மாட்டு வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிற படமும் இருக்கும். பதினைந்து வருடமாக அதைக் குடிக்கிற எங்கள் அண்ணன், அந்த வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இருப்பார்.

“ஏனுங்ணா, இத்தன வருசமாக் குடிக்கறீங்க, உடம்புல ஒண்ணும் ஒட்டக் காணமே?” என்று கேட்டால், “குடிக்காம இருந்திருந்தா எப்படி இருந்திருப்பேன்னு நெனச்சுப் பாருங்க” என்பார்.



பட்டறையில் யாரும் வாயைத் திறந்து கொட்டாவி விட முடியாது. சுவர்ப்பக்கம் திரும்பித்தான் விடவேண்டும். இல்லாவிட்டால் மூடியோடு வந்து நிற்பார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஒரு தடவை மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினார். அவ்வளவுதான். “ஒரே மூடிங்க. கசப்புத் தெரியாது” என்று அண்ணன் ஊற்றிவிட்டார். அடுத்த முறையிலிருந்து அந்த மனிதர் படி ஏறும்போதே கைவீசிச் சுறுசுறுப்பாக ஏறுவார். டானிக் வேலை செய்கிறது என்று அண்ணன் எங்களுக்குக் காட்டினார்.

குதிரை விஷயம் அந்தியூரில் நடந்தது. ஆடி மாசம் குதிரைச் சந்தை பார்க்கப் போனவர், ஓரமாக நின்று தூங்கிக்கொண்டிருந்த ஒரு குதிரைக்குப் பன் ரொட்டியை டானிக்கில் நனைத்துக் கொடுத்திருக்கிறார். குதிரைக்காரர் பிடித்துக்கொண்டார்.

“குதிரை நின்னுட்டேதானுங்க தூங்கும். அதுக்கு ஒரு கேடும் இல்லீங்க.”

“படுத்துத் தூங்கறதுக்கும் ஒரு தெம்பு வேணுமில்லீங்களா” என்றாராம் அண்ணன்.

காலி பாட்டில்களை நாங்கள் வீணாக்குவதில்லை. மூடி இறுக்கமாக இருப்பதால் மெஷின் ஆயில் ஊற்றி வைத்துக்கொள்வோம். பட்டறையில் எந்த மெஷின் பக்கத்தில் பார்த்தாலும் மாட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். பாட்டில் காப்பிக் கலர் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஒருநாள் நான் அவசரத்தில் அவருடைய பாட்டிலை எடுத்து டிரில்லிங் மெஷினுக்கு ஊற்றிவிட்டு, மெஷினுடைய பாட்டிலை அவர் டானிக் வைக்கிற ஜன்னலில் வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு அண்ணன் அளந்து ஒரு மூடி குடித்தார். கண்ணை மூடி யோசித்தார்.

“இந்தத் தடவ சரக்கு நல்லாருக்குதுங்க. தொண்டையில நிக்காம எறங்குது.”

மத்தியானம் மெஷின் சிக்கிக்கொண்டது. திறந்து பார்த்தால் பிசுபிசுவென்று ஒரே பாகு, சுற்றிலும் எறும்பு. எனக்கு விஷயம் புரிந்தபோது அண்ணன் கக்கூஸில் இருந்தார். பொழுதோட, இருட்டுகிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தப்பை ஒத்துக்கொண்டேன்.

“பரவாயில்ல கண்ணு, மூட்டுக்கு நல்லதுதான்” என்றார். பிறகு மெஷினைத் தட்டிப் பார்த்து, “இதுக்கு எத்தன மூடி ஊத்துன?” என்று கேட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். எனக்குச் சிக்குன்குன்யா வருகிற வரைக்கும்.

காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. மூட்டுவலி போகவில்லை. மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனபோது டீ டம்ளரையே இரண்டு கையால்தான் பிடித்தேன். பட்டறையில் என் வேலை, கிரைண்டரின் அடிக்கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி டிரம்முக்குள் இறக்கி வைப்பது. முதல் நாள் ஒரு கல்லும் தரையை விட்டு எழவில்லை.

முதலாளி நல்லவர்தான். அவருக்கும் ஆர்டர் இருக்கிறது. “பத்து நாள் பாருங்க. முடியலீன்னா ஊட்டுல இருந்து உடம்பப் பாத்துக்கங்க. வேற ஆளு ஒருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார்.

ஐந்தாவது வரை படித்தவன் நான். வயது நாற்பத்தேழு. தெரிந்தது கல் இறக்குகிற வேலை ஒன்றுதான். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஸ்டாப் கேட்கவே கூச்சப்படுகிறவன், எந்தப் பட்டறை வாசலில் போய் வேலை கேட்பேன்? முதலாளி போனதும் அப்படியே நின்றேன். பின்னால் மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

“தள்ளிப் போட்டா ஆகாது கண்ணு. உனக்கு ரெண்டு மூடி.”

காலை, மதியம், பொழுதோட என்று மூன்று வேளை. பாகும் கஷாயமும் கலந்த ருசி. புளி சேர்க்கக் கூடாது, பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது என்று பத்தியம் வேறு. குடித்துவிட்டுக் கல்லைத் தொட்டுப் பார்ப்பேன். மூன்று நாள் கல் அசையவில்லை. சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

நாலாம் நாள் காலையில் போனால், என் பக்கத்தில் ஆறு டிரம்மில் கல் உட்கார்ந்திருந்தது.

“யாருங்ணா வெச்சது?”

“நீதான். நேத்துப் பொழுதோட வெச்சுப்போட்டுப் போனே.”

“நானுங்களா? எனக்கு ஞாபகமே இல்லீங்களே.”

“இருக்காது. டானிக் நல்லா ஏறிப்போச்சுன்னா மொதல்ல கொஞ்சம் மறதி வரும்.”

நம்பினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பாதி நம்பினேன். வீட்டில் என் சம்சாரத்திடம் முழுசாகவே சொன்னேன். “ஆறு கல்லு தூக்கியிருக்கேனாம்.” அவள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள். அடுத்த நாளும் ஆறு. அதற்கடுத்த நாள் ஏழு. முதலாளி டிரம்முகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்தது. பட்டறை கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே டானிக் அண்ணன் ஒரு கல்லை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கால் நடுங்க டிரம்மை நோக்கி அடி மேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார். இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுத்த கல்லுக்குப் போனார். அறுபதைத் தாண்டியவர்.

நான் சத்தமில்லாமல் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, என் நேரத்துக்கு உள்ளே போனேன்.

“இன்னைக்கு எத்தனைங்ணா?”

“ஏழு வெச்சிருக்கே. நல்ல முன்னேற்றம்” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்கு இரண்டு மூடி ஊற்றினார். குடித்தேன். அன்றைக்கு மட்டும் அது கசக்கவில்லை.

பத்தாம் நாள் முதலாளி வந்து முன்னால் நின்றார். “எங்கே, ஒண்ணு தூக்குங்க பாக்கலாம்.”

குனிந்து அணைத்தேன். எழுந்தது. முட்டி வரை வந்தது, இடுப்பு வரை வந்தது. டிரம்மின் விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது மணிக்கட்டு பிடியை விட்டது. கல் சரியப் போன நொடியில், மறுபக்கம் இரண்டு கை வந்து தாங்கியது. இரண்டு பேருமாக உள்ளே இறக்கினோம்.

“நீங்க எதுக்குங்க வந்தீங்க? அவரு தனியாத்தான தூக்கோணும்” என்றார் முதலாளி.

“அது பழைய முறைங்க” என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டே. “தனியா வெச்சா கல்லு மத்தியில உக்கார மாட்டேங்குது. ஓடவுட்டா சத்தம் வருது. சத்தம் வந்தா நான் பாஸ் பண்ண மாட்டேன். இனி ரெண்டு பேராத்தானுங்க வைக்கோணும்.”

பட்டறையில் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, ரெண்டு பேராவே வைங்க” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அதிலிருந்து எங்கள் பட்டறையில் கல்லை இரண்டு பேர்தான் இறக்குகிறோம், அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்ததை நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் டானிக்கைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்கவில்லை.

என் மணிக்கட்டு சரியாகி எட்டு மாதம் ஆகிறது. இப்போது தனியாகவே தூக்க முடியும். அவரிடம் நான் இன்னும் அதைச் சொல்லவில்லை.