பனிமுகனின் முதுகுவலி

“படம் பாக்கத் தொரையும் வர்றாராம்” என்று மனைவி செல்வமலர் சொன்னதும், தம்பிஐயாவின் தொண்டைக்குள் இறங்கிய தேத்தண்ணி பாதி வழியில் திரும்பி மூக்கு வழியாக வெளியே வந்தது.

“எந்தத் தொரை?”

“நமக்கு எத்தன தொரை இருக்காங்க? நம்ம தோட்டத்துத் தொரைதான். ஞாயித்துக்கெழமை பிரதம விருந்தாளியாம். நோட்டீசே ஒட்டிட்டாங்க.”

தம்பிஐயா எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு சன்னலையும் சாத்தினார்.

“நோட்டீசு வெளியில ஒட்டியிருக்கு. நீங்க உள்ள எதுக்குங்க சாத்துறீங்க?” என்றாள் செல்வமலர்.

தம்பிஐயா இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கண்டாக்கு. கொழுந்து எடுக்கிறவர்களை மலையில் நின்று மேய்க்கிற உத்தியோகம். முப்பது வருட சர்வீஸ். யாராவது கால்வலி என்று சொன்னால், “எந்தக் காலு?” என்று கேட்பார். அரை மணி நேரம் கழித்து வந்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். கால் மாறியிருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். அவர் தலை தெரிந்தால் மலையில் பேச்சு நின்றுவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு பொய் சொல்லியிருந்தார். அதுவும் தோட்டத்து மானேஜரான துரையிடம்.

எல்லாம் நிலக்ஷியால் வந்த வினை. இதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, இப்போது டவுனில் கலியாண வீடியோ எடுக்கிற பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால் கைபேசியிலேயே ‘மலை காக்கும் நால்வர்’ என்று ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டாள். அபூர்வ சக்தி பெற்ற நான்கு தோட்டத்து ஆட்கள் ஊரைக் காப்பாற்றுகிற கதை. அட்டனில் தொடங்கி கனடா வரைக்கும் பார்த்தார்கள். ‘ரெண்டாம் பாகம் எப்போ?’ என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இரண்டாம் பாகத்தில் அந்த நால்வரோடு ஐந்தாவதாக ஒருவன் சேர வேண்டும். பெயர் பனிமுகன். மூடுபனிக்குள் இருந்து வருவான், மூடுபனிக்குள் போவான். எதிரி அட்டை ராட்சசன். மழை பெய்யப் பெய்ய மலையளவு வளர்ந்து ஊர் இரத்தத்தை உறிஞ்சுகிறவன்.

மலையில் படம் பிடிக்க அனுமதி கேட்டுத்தான் நிலக்ஷி கண்டாக்கிடம் வந்தாள். அவர் அனுமதி கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பனிமுகன் வேசத்துக்கு ஆளு கெடைச்சிருச்சா?” என்று கேட்டார்.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பள்ளிக்கூட நாடகத்தில் ஆலமரமாக நின்றதோடு முடிந்துபோன கலைவாழ்க்கை அவருடையது. நாற்பது வருடமாக உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. முகமூடி கழற்றக் கூடாது, பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்பந்தமானார். துரையிடம் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு, “எந்திரிக்கவே முடியலீங்க” என்றார். தோட்டத்து டாக்டர் இரண்டு வாரத்துக்கு லீவு என்று துண்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டு வாரத்தில் தம்பிஐயா பாறைக்குப் பாறை தாவினார். ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறினார். கடைசி நாள், துரை நுவரெலியாவுக்கு மீட்டிங் போன தைரியத்தில், ஆற்றோரம் உச்சக்காட்சியை எடுத்தார்கள். கறுப்பு றப்பர் சீட்டால் தைத்த அட்டைச் சட்டைக்குள் யாரோ வெளி ஆள். நிலக்ஷி பெயர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ‘ஆக்‌ஷன்’ என்றதும் தம்பிஐயா ஓடிவந்து ஓர் உதை விட்டார் பாருங்கள், முப்பது வருடம் அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு காலில் இறங்கிவிட்டது. “அம்மோ!” என்று அலறிக்கொண்டு அட்டை தண்ணீரில் விழுந்தது. கொத்மலைப் பக்கத்துச் சிங்கள ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் படத்தைத்தான் துரை பார்க்க வருகிறார். போன மாதம் ஒரே ஒரு பொய்க்காக ஸ்டோர்காரரை வீட்டுக்கு அனுப்பிய துரை. தம்பிஐயாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். அதைவிட, அவர் அரைப்பேர் போட்ட அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நினைக்கும்போதே அவருக்கு நிசமாகவே முதுகு வலித்தது.

மறுநாளே நிலக்ஷியிடம் ஓடினார்.

“என்னய வெட்டிரும்மா.”

“எப்பிடிங்கய்யா வெட்டுறது? படத்துப் பேரே ‘மலை காக்கும் ஐவர்’. ஒங்கள வெட்டுனா மறுபடி நால்வரா ஆயிரும், மொத பாகத்தையே திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும்” என்றாள் நிலக்ஷி. “மூஞ்சிதான் மூடியிருக்குல்ல? கொரல மட்டும் மாத்திரலாம்.”

குரலை மாற்ற ஆள் வேண்டுமே. பாடசாலையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து ஜெயதீபன் மாஸ்டர் நல்ல குரல்காரர். கேட்டவுடன் வந்து பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். நிலக்ஷி அதை வைத்துப் புது முன்னோட்டம் ஒன்றை வெளியிட்டாள்.

இறம்பொடைப் பனிக்குள் இருந்து, கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை முதுகில் பறக்கவிட்டு, பனிமுகன் பாய்ந்து வந்தான். கையை உயர்த்தினான். “உவனை விடாதேங்கோ பிள்ளையள்! கொஞ்சம் பொறுங்கோ, நான் இப்ப வாறன்!” என்றான்.

ஊர் சிரித்த சிரிப்பில் முன்னோட்டம் ஒரே நாளில் எங்கேயோ போய்விட்டது. ‘பனிமுகன் எங்கட ஆள்’ என்று யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதினார்கள். ‘எங்க மலையில நின்னுக்கிட்டு எப்பிடிடா ஒங்க ஆளு?’ என்று அட்டனில் இருந்து பதில் போனது. அதுவரைக்கும் முகமூடிக்குள் யார் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. இப்போது அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இளைஞர் கழகம் அடுத்த நோட்டீசை ஒட்டியது: பனிமுகன் யாரென்று சரியாகச் சொல்பவருக்கு ரைஸ் குக்கர் பரிசு. மேடையில் முகமூடியைக் கழற்றி வைப்பவர் துரை அவர்கள்.

“நல்லா மறைச்சீங்க போங்க” என்றாள் செல்வமலர்.

“அந்தப் பனிமுகன் கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான்னு போடச் சொல்றேன். அப்ப எவன் வந்து கழட்டுவான்?”

நிலக்ஷி அப்படியே போட்டாள். அது இன்னும் பெரிய வம்பாகிவிட்டது. கட்டாரில் இருக்கிற பையன்கள் எந்தக் கேம்ப் என்று தேடத் தொடங்கினார்கள். இங்கேயோ, கொழுந்து எடுக்கிற நிஷாந்தி மலையில் நின்று கணக்குப் போட்டாள். தம்பிஐயா அதிகம் அரைப்பேர் போட்டது அவளுக்குத்தான்.

“தோட்டத்த விட்டு யாரும் கட்டாருக்குப் போகல. அது புளுகு. படம் எடுத்த நாளெல்லாம் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு வராத ஆளு யாருன்னு செக்ரோல் வரவப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது. நான் பாத்துட்டேன். மூணே மூணு பேருதான்.”

பக்கத்தில் நின்ற தம்பிஐயா கழுத்தை நீட்டி, “யாரு யாரு?” என்றார்.

“காய்ச்சல்ல கெடந்த வாச்சரு. கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்த எங்க மாமா. அப்புறம் முதுகுவலி கண்டாக்கையா.” நிஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “மூணுமே தேறாதுங்கய்யா!”

தேறாது என்றதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் அதையே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து முதுகுவலி இரட்டிப்பானது. இடுப்பில் பட்டி, கையில் தடி. செல்வமலர் காய்ச்சிய நொச்சித் தைலத்தை முதுகு வழிய வழியப் பூசிக்கொண்டு காலைப் பெரட்டுக்குப் போனார். அவர் வருவதற்கு முன்பே வாசம் வந்து நின்றது.

துரை அவரைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பிஐயா, இது என்ன தைலம்?”

“நொச்சித் தைலங்க. வீட்டுல காய்ச்சுனதுங்க.”

“உண்மையாவே வலி போகுமா?”

அந்த ‘உண்மையாவே’யைக் கேட்டதும் தம்பிஐயா இடுப்புப் பட்டியை இன்னும் இழுத்து இறுக்கினார். ஆழம் பார்க்கிறார் மனுசன்! “ரெண்டு தரம் பூசுனா... கொஞ்சம் கொறையுங்க” என்று இழுத்தார்.

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கால்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை படத்துக்கு வாங்க. என் பக்கத்துல ஒக்காருங்க” என்று சொல்லிவிட்டு மெதுவாக ஜீப்பில் ஏறினார்.

அதோடு முடிந்தது. தம்பிஐயா வீட்டுக்கு வந்து குவாட்டர்ஸின் சுவர்களைத் தடவிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. முதல் வரிசையில் துரை. பங்களாச் சமையல்காரர் இராமையா ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து துரையின் கதிரையில் போட்டார். பக்கத்தில் தம்பிஐயா, பட்டி, தடி, தைலம் சகிதம்.

படம் ஓடியது. நால்வரில் ஒருத்தியான கொத்மலை நீர்க்காரி குளத்தையே கையில் எடுத்தாள். ஜனம் விசிலடித்தது. அட்டை ராட்சசன் நெளிந்து நெளிந்து வந்தபோது பெண்கள் பேயாட்டமாகக் கத்தினார்கள். அட்டை வரும்போதெல்லாம் துரையும் கை தட்டினார். தம்பிஐயா அவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தார். பனிமுகன் யாழ்ப்பாணத்தில் முழங்கினான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தப்பித்தோமடா சாமி என்று தம்பிஐயா காலை நீட்டி உட்கார்ந்தார்.

உச்சக்காட்சி வந்தது. அட்டை தேயிலை மலை வழியாக ஆற்றை நோக்கி ஓடுகிறது. பனிமுகன் துரத்துகிறான். இன்னும் பத்து அடி. ஊரின் உயிர் அவன் கையில்.

பனிமுகன் நின்றான். பக்கத்துச் செடியைப் பார்த்தான். அதன் தலையில் எடுக்காமல் விட்டுப்போன முற்றிய இலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளினான். கண்ணருகே தூக்கிப் பார்த்தான். தலையை இரண்டு தரம் ஆட்டினான். இலையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு மறுபடி ஓடினான்.

அந்தக் கிள்ளலையும் அந்தத் தலையாட்டலையும் தினமும் பயந்து பயந்து பார்க்கிற இருநூறு பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆத்தாடி! நம்ம கண்டாக்கையா!” என்று கத்தினாள் நிஷாந்தி.

மண்டபமே எழுந்தது. தம்பிஐயாவும் பதறி எழுந்தார், தடி இல்லாமல், கம்பம் போல நேராக. தடி உருண்டு போய் மேடைக்குக் கீழே நின்றது.

“ஐயா, எந்தப் பக்கம் வலிச்சிச்சுங்க? எடதா, வலதா?” என்று நிஷாந்தி கேட்டாள். “அரை மணி கழிச்சு மறுபடி கேப்பேங்க!”

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. திரையில் பனிமுகன் விட்ட உதையை ஒருவரும் பார்க்கவில்லை, துரையைத் தவிர. அவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார்.

படம் முடிந்ததும் துரை கதிரையைப் பிடித்து மெல்ல எழுந்து மேடையேறினார். ஆள் யாரென்று அறிவிக்கச் சொல்லி நிலக்ஷி வெறும் முகமூடியை நீட்டினாள். தம்பிஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

“முகமூடி போட்டவங்க முகமூடியோடயே இருக்கட்டும்” என்றார் துரை. “ஒரு ஆள் லீவு நாள்ல என்ன வேசம் போட்டாலும் அது அந்த ஆளோட சொந்த விசயம். நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் பாக்கல. ரைஸ் குக்கர நிஷாந்திக்குக் குடுங்க. மூணாம் பாகம் எப்ப?”

கை தட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. துரை கீழே இறங்கி வந்து, “நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருங்க தம்பிஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிஐயாவுக்கு நெஞ்சில் இருந்த மலை அப்படியே இறங்கிவிட்டது. வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. சனம் கையைப் பிடித்துக் குலுக்குகிறது. அவர் அரைப்பேர் போட்டவர்கள்கூடத் தோளில் தட்டினார்கள். அவருக்குக் கண் கலங்கியது. இனி யார் கால்வலி என்றாலும் ஒரு தரத்துக்கு மேல் கேட்பதில்லை என்று அங்கேயே மனசுக்குள் சத்தியம் செய்தார்.

“ஆனா ஏன் விட்டாரு?” என்றார் வெளியே வந்ததும். “ஸ்டோர்காரர விடல. என்னய மட்டும் ஏன் விட்டாரு?”

“விட்டாருல்ல? பேசாம வாங்க” என்றாள் செல்வமலர்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. இராமையா மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஐயா, அந்த நொச்சித் தைலத்துல ஒரு போத்தல் பங்களாவுக்கு வேணுமாம். மூணாம் பாகத்துலயாவது கொஞ்சம் பாத்து ஒதைக்கச் சொன்னாரு தொரை. அந்த அட்டைச் சட்டைக்குள்ள பஞ்சு பத்தலையாம்.”