குளியலறைச் சுவருக்குள் ஒரு கல்யாண மோதிரம்

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள மச்சான் டெரிக்குக்கு,

உன் அக்கா புருஷன் சாலமன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் மோதிர விரல் ஒன்றைத் தவிர. அங்கே பெசன்ட் நகரில் நீயும், பிள்ளைகளும், உன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் கடலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். என் போனை உன் அக்கா மோனிகா எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை, உனக்கு வரும் ஒரு மெஷினின் பெட்டிக்குள் வைத்து பஸ் பார்சலில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

போன மாதம் உன் அக்கா உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, "வாக்கா, சும்மா கால் நனைச்சிட்டு வரலாம்" என்று நீ அழைத்துப் போனாய். போனவள் கல்யாண மோதிரத்தை அலையில் விட்டுவிட்டேன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். உன் அப்பா கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஆசையாகச் செய்துபோட்ட ஜோடி மோதிரம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை விவேக் நகர் கோயிலில் எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் பூசை. ஃபாதர் இரண்டு மோதிரத்தையும் ஆசீர்வதித்து மறுபடி மாட்டிவிடச் சொல்வார். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். "புதுசா வேற ஆளையா கட்டிக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிப் போனது எனக்குத் தாங்கவில்லை, மச்சான். என்ன ஆனாலும் சரி, அந்த மோதிரத்தைத் தோண்டி எடுத்து ஞாயிற்றுக்கிழமை அவள் விரலில் மாட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் நோயல், மண்ணுக்கடியில் குழாய் தேடும் கருவிகளை வாடகைக்கு விடுபவர். இரண்டு ரக மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். "அண்ணே, இது புத்திசாலி. இரும்பு எது, தங்கம் எதுன்னு பிரிச்சுச் சொல்லும். ஆனா உப்புத்தண்ணி பட்ட மணல்ல இதுக்குக் கிறுக்குப் புடிச்சிடும். அது இருக்கே, முரடு. உப்பைக் கண்டுக்காது, ஒரு அடிக்குக் கீழயும் எட்டிப் பாக்கும். ஆனா தங்கம், ஆணி, சோடா மூடி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்" என்றார். என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் லிப்ட் ஏறி மைல் கணக்கில் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்தவர். அவர் பிள்ளை ஒரு அடி ஆழத்துக்கு மெஷின் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நேரம்.

நான் கறிவேப்பிலையைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாங்குகிறவன் இல்லை. எந்த மெஷின் ஆழம் போகும் என்று பார்க்காமல் உனக்கு எப்படி அனுப்புவது? ஆனால் பெங்களூரில் கடலுக்கு எங்கே போக? அல்சூர் ஏரியில் தண்ணீர் உண்டு, மணல் இல்லை. பக்கத்து வீட்டு ரகுராம் மாடி கட்டுகிறார், அவர் வாசலில் மணல் குவிந்து கிடந்தது. அவரிடம் கேட்டு ஓரமாகக் கொஞ்சம் பிரித்து, ஒரு மூட்டை கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். கடைக்காரர், "ஊறுகாய் பிசினஸ்ஸா சார்?" என்று விசாரித்தார். இவ்வளவும் செய்தபிறகு புதைக்க ஒரு மோதிரம் வேண்டுமே. அதே எடை, அதே தங்கம், அதே தட்டான் செய்தது என் விரலிலேயே இருந்தது.

மச்சான், புத்திசாலி மெஷின் ஈர மணலைப் பார்த்ததும் பல்வலிக்காரன்போல முனக ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. முரடு மட்டும் மோதிரத்துக்கு மேலே வந்ததும் கணீரென்று ஒரே குரலாகக் கத்தியது. ஜெயித்துவிட்டோம் என்று நான் துள்ளிய அதே நேரம் உள்ளேயிருந்து, "ஏங்க, தோசை ஆறுது!" என்று உன் அக்கா கூப்பிட்டாள். போனேன், தின்றேன், வந்தேன். மணலைக் காணோம். மேஸ்திரி சிமென்ட்டோடு கலந்து குளியலறைச் சுவரை முழங்கால் உயரத்துக்கு எழுப்பியிருந்தார். "ஹோய்த்து சார், கோடெகே ஹோய்த்து" என்று கன்னடத்தில் கையை விரித்தார். போச்சு, எல்லாம் சுவருக்கே போச்சாம். ஓடிப்போய் முரட்டு மெஷினைச் சுவரில் வைத்தேன். கம்பி, குழாய், ஆணி என்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கத்துகிறது. புத்திசாலியோ கம்பியை மட்டும் சொல்லிவிட்டுக் கம்மென்று இருக்கிறது. அன்றிலிருந்து விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, கத்தி பட்டுவிட்டது என்று வீட்டில் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முரட்டையே அனுப்புகிறேன். அலை நன்றாக உள்வாங்கியிருக்கும்போது போய், ஈர மணலில் மெதுவாகத் தடவு. கத்தும் இடமெல்லாம் தோண்டு. சோடா மூடிகள் வரும், மனம் தளராதே. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். என் மோதிரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவள் மோதிரமாவது ஃபாதர் கைக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். எல்லார் தலைமேலும் ஆண்டவர் கை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் பாரத்தைப் போட்டிருக்கும்
சாலமன்

பின்குறிப்பு: கடலுக்குப் போகாதே. பெட்டியை ஒட்டும்போது உன் அக்கா வந்து, "அப்படி என்னதான் ஆறாத காயம்?" என்று பிளாஸ்திரியைப் பிடித்து இழுத்துவிட்டாள். காயமும் இல்லை, மோதிரமும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீடு இரண்டுபடும் என்று பார்த்தால், அவள் எழுந்துபோய்ப் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். உள்ளே அவள் மோதிரம், ஒரு பக்கம் வெட்டுப்பட்டு. மூட்டுவலியில் விரல் வீங்கி, சென்னைக்கு வருவதற்கு முன்பே அல்சூர் தட்டானிடம் வெட்டி எடுத்திருக்கிறாள். வெறும் விரலோடுதான் உன் வீட்டில் இருந்திருக்கிறாள். நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. "நீங்க போட்டுவிட்டதைப் போய் வெட்டிட்டேன்னு எந்த வாயால சொல்றது? அதான் கடல் மேல பழியைப் போட்டேன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அங்கேயே மாட்டிவிட்டேன். வெட்டின இடம் விரிந்துகொடுப்பதால் இப்போது வலிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் வராது, கடிதம் மட்டும்தான் வரும். அவள் மெஷினைத் தூக்கி, அதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மோதிரத்தைத் தேட ரகுராம் வீட்டுக் குளியலறைக்குப் போய்விட்டாள். அவள் கை பக்கத்தில் வரும்போதெல்லாம் மெஷின் அலறுகிறது. மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தேடு என்று ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். "இனிமே கழட்ட மாட்டேன், அது கத்தினா கத்தட்டும்" என்கிறாள்.